கம்ப்ரெஷன் சாக்ஸ், டைட்ஸ்: ஓடும்போது போடுவதா, ஓடி முடித்த பிறகா?

#1 மெல்லோட்டம்

முழு மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு குழுவுக்குக் கைக்குறிப்பு தயாராகிறது. கம்ப்ரெஷன் உடைக்கு (காலை இறுக்கிப் பிடித்து அழுத்தும் சாக்ஸ், டைட்ஸ்) ஒரு பக்கம் ஒதுக்கியாயிற்று. அதில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. கேள்விகள் இவை: ஓடும்போது போட்டால் வேகமோ தாக்குப்பிடிக்கும் நேரமோ ஏறுமா? ஓடி முடித்த பிறகு போட்டால் வலியும் சோர்வும் குறையுமா? குறையும் என்றால் எவ்வளவு அழுத்தம், எந்த சைஸ், எத்தனை மணி நேரம்?

"நான் போட்டுப் பார்த்தேன், சூப்பர்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறையக் கைவசம் இருக்கின்றன. காரணத்தோடு எழுதுபவர்கள் எழுதுங்கள்.

#2 தரவுப்புலி

ஓடும்போது வேகம் ஏறாது. இதை எழுதத் தயங்க வேண்டாம்.

ஓட்டக்காரர்களை மட்டும் வைத்து நடந்த 32 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் 'ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் ஒரு அலசல் வந்தது. 400 மீட்டர், 5 கி.மீ., 10 கி.மீ., அரை மராத்தான், முழு மராத்தான் என எதிலும் ஓட்ட நேரத்தில் கணக்கில் எடுக்கத்தக்க மாற்றம் இல்லை. ஆக்சிஜன் உள்வாங்கும் அளவு, ரத்தத்தில் லாக்டேட் (கடும் உழைப்பில் தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் பொருள்), இதயத்துடிப்பு எல்லாம் ஏறக்குறைய அப்படியே. பெரிதாகத் தெரிந்த விளைவு ஓடிய பிறகு கால் வலி குறைந்ததில்தான்.

எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் ஆய்வு 2009-இல் வந்தது. 21 ஆண் ஓட்டக்காரர்கள், டிரெட்மில்லில் படிப்படியாக வேகம் கூட்டி, முடியாமல் நிற்கும் வரை ஓட்டம். சாக்ஸோடு சராசரி சுமார் 36.4 நிமிடம், இல்லாமல் சுமார் 35.0. ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான லாபம். ஆனால் "முடியாமல் நிற்கும் வரை" என்ற சோதனையில் நிற்பது எப்போது என்பதை ஓடுபவரே முடிவு செய்கிறார். காலில் முழங்கால் வரை இறுக்கமாக ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். போட்டித் தூரத்தை ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் அந்த லாபம் காணாமல் போய்விடுகிறது.

#3 மதி_பிசியோ

ஏன் ஏறாது என்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. குறிப்பில் அதைச் சேர்த்தால் பாதி வாதம் அடங்கிவிடும்.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பகுதிச் சிரைகளில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள்) அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் (அழுத்தத்தின் அலகு, சுருக்கமாக மி.மீ.) வரை இருக்கும். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத் தம்பத்தின் எடை அது. நடக்க ஆரம்பித்ததும் ஆடுசதை ஒவ்வொரு அடிக்கும் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடாது. அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடும். நிமிடத்துக்கு 180 அடி ஓடுபவரின் ஒவ்வொரு ஆடுசதையும் நிமிடத்துக்கு 90 முறை பிழிகிறது. இப்படி முழு வேகத்தில் இயங்கும் பம்புக்கு வெளியிலிருந்து 20 மி.மீ. கொடுத்து என்ன கூட்டிவிட முடியும்?

ஓட்டம் நின்றதும் கதை மாறுகிறது. பம்ப் நின்றுவிட்டது, ஆனால் தசைக்குள் ரத்த ஓட்டம் இன்னும் அதிகம், நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவதும் தொடர்கிறது. நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாலோ, வண்டியில் நீண்ட நேரம் பயணம் செய்தாலோ நீர் கீழே தேங்கும். வெளி அழுத்தத்துக்கு வேலை இருப்பது அப்போதுதான். படுத்துவிட்டால் சிரை அழுத்தம் தானாகவே 10-15 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அப்போது சாக்ஸின் தேவையும் குறைகிறது.

#4 ஐந்தாம்கியர்

பம்ப் விஷயம் சரி. அதிர்வை விட்டுவிட்டீர்களே? கால் தரையில் மோதும்போது தசை குலுங்குது, அந்தக் குலுக்கல்தான் நார்களைச் சேதப்படுத்துது, டைட்ஸ் போட்டா குலுங்காது. ஸ்லோமோஷன் வீடியோவில் கண்ணாலேயே பார்க்கலாம். இதுக்கு ரத்த ஓட்டமே தேவையில்லை.

#5 தரவுப்புலி

குலுக்கல் குறைவது உண்மை. அதனால் சோர்வு குறையும் என்பதுதான் நிரூபணமாகவில்லை.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-இல் வெளியிட்ட சோதனை இதே கேள்விக்காக நடந்தது. அனுபவமுள்ள 17 ஓட்டக்காரர்கள், டிரெட்மில்லில் 30 நிமிட ஓட்டம், ஒரு நாள் டைட்ஸோடு, இன்னொரு நாள் இல்லாமல். தசை அதிர்வு குறைந்தது. ஓட்டத்துக்குப் பிறகு கால் வலுவையும் குதிக்கும் உயரத்தையும் அளந்தால் இரண்டு நாளும் ஒரே மாதிரி. செலவை ஏற்றது நைக்கி நிறுவனம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சாதகமான முடிவு வந்தால் விளம்பரத்துக்கு உதவக்கூடிய இடத்திலிருந்தே பாதகமான முடிவு வந்திருக்கிறது.

இன்னொன்று. தசையிழை கிழிவது பெரும்பாலும் குலுங்குவதால் அல்ல, நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருப்பதால். இறக்கத்தில் ஓடும்போது முன்தொடை செய்வது அதைத்தான். எந்தத் துணியும் அந்த இழுவையைத் தன்மேல் வாங்கிக்கொள்ளாது.

#6 ஐந்தாம்கியர்

30 நிமிஷம் சமதளத்தில் ஓடினதை வெச்சு 42 கிலோமீட்டருக்குத் தீர்ப்பு எழுதிட்டீங்க. மூணு மணி நேரம் கழிச்சு என்ன ஆகும்னு அந்தச் சோதனை சொல்லாது.

#7 தரவுப்புலி

நியாயமான ஆட்சேபம். அதற்கு வேறு ஆய்வு இருக்கிறது: மராத்தான் ஓட்டத்திலேயே கம்ப்ரெஷன் சாக்ஸோடு ஓடியவர்களையும் சாதாரண சாக்ஸோடு ஓடியவர்களையும் ஒப்பிட்டு ஸ்பெயினில் செய்தது, 2015-இல் வெளியானது. முடித்த நேரத்திலோ, தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தக் குறியீடுகளிலோ வேறுபாடு இல்லை.

#8 தறியும்_நூலும்

இவ்வளவு நேரம் "கம்ப்ரெஷன்" என்று பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை மி.மீ. என்று கேட்காமல் இந்த விவாதத்துக்கு அர்த்தமே கிடையாது. பெட்டியில் எம்எம்எச்ஜி (மி.மீ. பாதரசம்) எண் இல்லாமல் வெறுமனே "கம்ப்ரெஷன் ஃபிட்" என்று அச்சிட்டிருந்தால் அது இறுக்கமான உடை, அவ்வளவே.

எண்ணைப் படிக்கும் விதம்: குறிப்பிடப்படும் அழுத்தம் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிக ஒடுங்கிய இடத்தில். மேலே போகப் போகக் குறைய வேண்டும். ஜெர்மன் தரப்படி வகுப்பு 1 என்பது 18-21, வகுப்பு 2 என்பது 23-32, வகுப்பு 3 என்பது 34-46. அமெரிக்கப் பெட்டிகளில் 15-20, 20-30, 30-40 என்று பட்டையாகப் போடுவார்கள். அங்கே வகுப்பு 1 என்றால் பெரும்பாலும் 20-30. ஆகவே வகுப்பு எண்ணை நம்பாமல் மி.மீ. எண்ணைப் பாருங்கள். ஓட்டக்காரர்களுக்கென்று விற்பவை பெரும்பாலும் 15-20 அல்லது 20-30.

அடுத்து, ஒரே சாக்ஸ் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக அழுத்துவது ஏன்? லாப்லாஸ் விதி: அழுத்தம் = துணியின் இழுவிசை ÷ வளைவின் ஆரம். இழுவிசை மாறாமல் இருந்தால் தடித்த இடத்தில் அழுத்தம் குறையும், ஒல்லியான இடத்தில் கூடும். கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ., அங்கே 22 மி.மீ. அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதே இழுவிசையில் 36 செ.மீ. ஆடுசதைக்கு 13.4 மி.மீ. கிடைக்கும். 55 செ.மீ. தொடைக்கு 8.8 மி.மீ.தான். முழுநீள டைட்ஸ் தொடையில் ஏன் பெரிதாக அழுத்துவதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. தொடையில் 20 மி.மீ. வேண்டுமென்றால் துணியை இரண்டு மடங்குக்கு மேல் இறுக்கமாக நெய்ய வேண்டும். அதைப் போட்டுக்கொள்ள இன்னொருவர் உதவிக்கு வர வேண்டியிருக்கும்!

இழுவிசை என்று சொல்வது கைக்கு அகப்படும் அளவுதான். மேலே சொன்ன கணுக்காலில் 22 மி.மீ. வருவதற்குத் துணியின் ஒவ்வொரு செ.மீ. அகலத்திலும் ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தொங்கவிட்ட அளவு இழுவை இருந்தால் போதும். அதனால்தான் ஒரு சைஸ் தவறினாலே எல்லாம் குளறுபடியாகிவிடுகிறது. கடைச் சைஸ் அட்டவணைப்படி சரியாக வாங்கியவர்களின் காலில் சென்சார் வைத்து அளந்த ஆய்வுகளிலும் ஆளுக்கு ஆள் அழுத்தம் கணிசமாக மாறியிருக்கிறது.

#9 மெல்லோட்டம்

நன்றி சார், இதுதான் வேண்டியிருந்தது. அப்படியானால் அளவெடுப்பது எப்படி? ஷூ சைஸ் வைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள்.

#10 தறியும்_நூலும்

ஷூ சைஸ் பாதத்தின் நீளத்தைச் சொல்லும். அழுத்தம் பாதத்தின் நீளத்தில் இல்லை.

காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுவதற்குள், தையல் டேப்பால் மூன்று அளவு எடுங்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே மிக ஒடுங்கிய இடத்தின் சுற்றளவு. ஆடுசதையின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு. நின்றபடி தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இரண்டு காலையும் அளக்க வேண்டும், வித்தியாசம் இருப்பது சகஜம். கணுக்கால் ஒரு சைஸையும் ஆடுசதை அடுத்த சைஸையும் காட்டினால் கணுக்கால் அளவை முதன்மையாக வைத்து, ஆடுசதைக்கு அகலப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிராண்டையே விட்டுவிடுங்கள். பருத்த ஆடுசதை உள்ளவர்கள் பெரிய சைஸுக்குப் போனால் கணுக்காலில் துணி தொளதொளக்கும். அழுத்தம் மேலே அதிகம், கீழே குறைவு என்று தலைகீழாகிவிடும். அதற்குச் சாதாரண சாக்ஸே மேல்.

லேபிளில் எலாஸ்டேன் (லைக்ரா, ஸ்பாண்டெக்ஸ் எல்லாம் அதேதான்) எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். நல்ல சாக்ஸில் 20-30 சதவீதம் அது, மீதி பெரும்பாலும் நைலான். 5 சதவீதம் என்று போட்டிருந்தால் அது சாதாரண விளையாட்டு சாக்ஸ்.

#11 மதி_பிசியோ

அணியும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பகுதி அணிவதில்தான் தொடங்குகிறது.

கையை உள்ளே விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரைக்கும் சாக்ஸை வெளிப்புறமாகத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் பை குதிகாலில் கச்சிதமாக உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் துணி முழுக்க மேலே போய் ஆடுசதையில் குவிந்துவிடும். விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். நீளம் மிஞ்சினால் மடித்துவிடாதீர்கள். இரண்டு அடுக்கானால் அங்கே அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கால் முழுக்க இருக்க வேண்டிய பிடி ஒரே வளையத்தில் சேர்ந்துவிடும். கணுக்காலின் முன்மடிப்பில் சுருக்கம் விழுந்தாலும் அதே கதைதான். உப்பு வியர்வையோடு சேர்ந்து 10 கி.மீ.க்குள் தோலை உரித்துவிடும்.

போட்டதும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு நொடியில் சிவப்பாகத் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானால், விரல் நீலம் பாய்ந்தால், சில்லிட்டால், கழற்றிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கிறது. முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே, தொட்டால் தட்டுப்படும் சிறிய எலும்பு முண்டு. அதைச் சுற்றித் தோலுக்கு மிக அருகிலேயே ஒரு நரம்பு போகிறது. இறுக்கமான விளிம்பு அதன்மேல் உட்கார்ந்தால் புறங்கால் மரத்துப்போகும், பாதத்தை மேல்நோக்கித் தூக்குவது பலவீனமாகும். ஓடும்போது பாதம் "டப் டப்" என்று தரையில் விழும் சத்தம் கேட்டால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திச் சாக்ஸைக் கழற்ற வேண்டும். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

#12 நீளவால்

ஸ்லீவ் போட்டால் போதாதா? பாதம் இல்லாத மாடல். ஷூ பொருந்துவதும் மாறாது.

#13 மதி_பிசியோ

ஓடும்போது போட விரும்பினால் ஸ்லீவ் வசதிதான். நீங்கள் சொன்ன காரணத்துக்காகவே. பழகிய ஓட்டச் சாக்ஸை மாற்ற வேண்டியதில்லை, கொப்புளம் வரும் வாய்ப்பும் குறைவு.

ஓடிய பிறகு உட்காருவதற்கோ பயணத்துக்கோ ஸ்லீவ் வேண்டாம். கணுக்காலில் வளையம் போல் பிடித்து, அதற்குக் கீழே அழுத்தமே இல்லாமல் விட்டுவிடுகிறது. நீர் பாதத்தில் இறங்கி நிற்கும், சாயங்காலம் விளிம்புக்குக் கீழே பாதம் பொம்மென்று இருக்கும். அப்போது பாதம் உள்ள சாக்ஸ்தான்.

#14 சந்தேகராமன்

ஓடும்போது பயனில்லை என்று ஒத்துக்கொண்டாயிற்று. ஓடிய பிறகு மட்டும் எப்படிப் பயன் வந்தது? வலி என்பது கேட்டு வாங்கும் எண். "இப்போது எவ்வளவு வலி, பத்துக்கு எத்தனை?" காலில் இறுக்கமாக ஒன்று போட்டிருப்பவருக்கு அது தெரியாதா? சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றுவது மாதிரி இங்கே ஏமாற்றவே முடியாது. அப்படியிருக்க இந்த ஆய்வுகள் எல்லாமே நம்பிக்கையை அளந்தவைதான்.

#15 தரவுப்புலி

பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லியாக வேண்டும்.

2014-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் 12 ஆய்வுகளின் தொகுப்பு வந்தது. வலி, வலு, வெடிப்புத் திறன் (குதிப்பது போல் சட்டென்று விசை காட்டுவது), கிரியாட்டின் கைனேஸ் (தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தக் குறியீடு) நான்கிலும் நடுத்தர அளவு நன்மை. 2017-இல் இன்னொரு தொகுப்பு, வலு மீள்வதில் நன்மை தெளிவாக இருக்கிறது என்றது. 2022-இல் சமவாய்ப்பு முறையில் (யாருக்குக் கம்ப்ரெஷன் என்பதைச் சீட்டுப் போடுவது போல் முடிவு செய்து) நடந்த 19 சோதனைகளை மட்டும் எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். வலு மீள்வதில் நன்மையே தெரியவில்லை. ஆக, வலு விஷயத்தில் கை விரிக்க வேண்டியதுதான். வலி உணர்வு குறைகிறது என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

உங்கள் வாதத்துக்கு நேர் சவால் 2015-இல் வந்தது. மராத்தான் முடித்த 33 பேர். ஒரு பாதிக்குக் கம்ப்ரெஷன் சாக்ஸ், மறுபாதிக்கு அதே மாதிரித் தோற்றத்தில் அழுத்தம் இல்லாத சாக்ஸ். 48 மணி நேரம் போட்டார்கள். மராத்தானுக்கு முன்பு எடுத்த டிரெட்மில் சோதனையை 14 நாள் கழித்து மறுபடி எடுத்தபோது கம்ப்ரெஷன் குழுவின் தாக்குப்பிடிக்கும் நேரம் 2.6 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 3.4 சதவீதம் குறைந்திருந்தது. இதில் அளந்தது வலி எண் அல்ல.

#16 சந்தேகராமன்

33 பேர்! குழுவுக்குப் பதினாறு பதினேழு. முதல் இரண்டு நாள் போட்ட சாக்ஸ் பதினான்காம் நாள் வரை வேலை செய்தது என்றால் இடையில் இருக்கும் பன்னிரண்டு நாளில் யார் எவ்வளவு ஓடினார்கள், எவ்வளவு தூங்கினார்கள் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டாமா? இன்னொரு குழு அதை அப்படியே திரும்பச் செய்து காட்டட்டும், அப்புறம் பேசலாம். தவிர, அழுத்தமில்லாத சாக்ஸைப் போட்டவருக்கு அழுத்தமில்லை என்று தெரியாதா என்ன?

#17 தரவுப்புலி

சின்ன ஆய்வு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மராத்தானுக்கு அடுத்த இரண்டு நாள் படி இறங்கும்போது வலி குறைவாகத் தெரிந்தால், அது எந்த வழியில் வந்தாலும் ஓட்டக்காரருக்கு லாபம்தானே? வலி குறைந்தது என்று தசை ஆறிவிட்டதாக நினைத்து மூன்றாம் நாளே வேகப் பயிற்சிக்கு இறங்கினால்தான் சிக்கல். குறிப்பில் எச்சரிக்கை போட வேண்டியது அதற்கு.

#18 மெல்லோட்டம்

எத்தனை மணி நேரம் என்பது இன்னும் பாக்கி. உறங்கும்போது போடலாமா? வெயிலில்?

#19 மதி_பிசியோ

ஓடி முடித்துக் குளித்து, காலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, 10-15 நிமிடம் சுவரில் காலை உயர்த்திப் படுங்கள். ஏறிய வீக்கம் கொஞ்சம் வடிந்த பிறகு போடுவதுதான் முறை. முடித்த ஒரு மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். 15-20 மி.மீ. அழுத்தம் போதும். 20-30 மி.மீ. போடுபவர்கள் சைஸில் மிகக் கவனம். விழித்திருக்கும் நேரம் முழுக்க, முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை. வலி உச்சத்தில் இருப்பதும் 24-72 மணி நேரத்தில்தான். படுக்கும்போது கழற்றிவிடலாம், காரணம் #3-இல் சொன்னதுதான். 20 மி.மீ.க்கு மேற்பட்டதைப் போட்டுக்கொண்டு உறங்கக் கூடாது. மரத்துப்போனால் தூக்கத்தில் தெரியாது.

வெயிலில் ஓடும்போது வேண்டாம். தோல் வெப்பம் கூடும், துணி வியர்வையை உறிஞ்சிக் கனக்கும், லாபமோ இல்லை. முள்ளும் புதரும் உள்ள காட்டுப் பாதையில் தோலுக்குக் காப்பாக வேண்டுமானால் போடலாம், அதற்குக் கம்ப்ரெஷனே தேவையில்லை.

யார் போடக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். கால் தமனி அடைப்பு உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்வு குறைந்தவர்கள், தோலில் தொற்றோ ஆறாத புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுசதையில் வலித்தால் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துச் சாக்ஸை மாட்டிவிடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓட ஆரம்பித்துக் குறிப்பிட்ட தூரத்தில் கீழ்க்கால் இறுகி வலித்து, நின்றால் போய்விடும் பிரச்சினை இருப்பவர்களும் ஸ்லீவைத் தவிர்ப்பது நல்லது. தசை உறைக்குள் ஏற்கெனவே அழுத்தம் ஏறுவதுதான் அங்கே நோயே.

#20 ஐந்தாம்கியர்

சரி, போட்டியில் ஸ்லீவ் போடுங்கன்னு இனிமே யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா தனக்குப் பயன் இருக்கா இல்லையான்னு ஒருத்தர் தானே பார்க்க வழி இருக்கா?

#21 தரவுப்புலி

இருக்கிறது. ஒரு காலில் மட்டும் போடுங்கள். நீண்ட ஓட்டம் முடிந்ததும் காசு சுண்டி இடதா வலதா என்று முடிவு செய்து, அந்தக் காலில் மட்டும் சாக்ஸ். தூக்கம், சாப்பாடு, ஓடிய தூரம் எல்லாம் இரண்டு காலுக்கும் பொது என்பதால் ஒப்பீடு சுத்தமாக இருக்கும். ஓடுவதற்கு முந்தைய நாளும், ஓடிய 24, 48 மணி நேரத்திலும் இரண்டு காலிலும் தனித்தனியாக மூன்று எண்: ஆடுசதைச் சுற்றளவு (பேனாவால் குறியிட்ட அதே இடத்தில்), படி இறங்கும்போது வலி பத்துக்கு எத்தனை, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவது எத்தனை முறை முடிகிறது. கடைசி எண்தான் முக்கியம். அதை மட்டும் இன்னொருவர் எண்ணட்டும், எந்தக் காலில் சாக்ஸ் இருந்தது என்பதை அவருக்குச் சொல்லாதீர்கள். சந்தேகராமனின் புகாருக்கு ஓரளவு பதில் அது. நான்கைந்து நீண்ட ஓட்டங்களுக்கு இப்படிச் செய்து, வேறுபாடு ஒரே திசையில் வருகிறதா என்று பாருங்கள்.

#22 சந்தேகராமன்

இதை ஏற்கிறேன். வலி எண்ணை முதலில் எழுதிவிட்டுப் பிறகு குதிகால் சோதனை செய்யச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் சோதனையே வலியைக் கூட்டிவிடும்.

#23 தறியும்_நூலும்

நான்கைந்து நீண்ட ஓட்டம் என்றால் சாக்ஸ் அதுவரை அதே சாக்ஸாக இருக்க வேண்டும். துவைப்பதில் கோட்டை விட்டால் சோதனையும் போச்சு.

ஒவ்வொரு முறை போட்ட பிறகும் துவைக்க வேண்டும். வியர்வையும் தோல் எண்ணெயும் எலாஸ்டேனை மெல்ல அரிக்கும். அதே காரணத்துக்காகத் தைலம், களிம்பு தடவிய காலில் போடக் கூடாது. 30-40 டிகிரிக்கு மேல் சூடான நீர் வேண்டாம், குளோரின் பிளீச் அறவே கூடாது. துணி மென்மையாக்கியும் வேண்டாம், நாரின் மேல் படலம் போல் படிந்து பிடிப்பைக் குறைக்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கவைத்துக் காயப்போடுங்கள். டிரையரின் சூடுதான் முதல் எதிரி. தினமும் போடும் மருத்துவச் சாக்ஸை ஆறு மாதத்தில் மாற்றச் சொல்வார்கள். வாரம் ஓரிரு முறை போட்டால் அதைவிட நீண்ட நாள் வரும்.

தேய்ந்ததா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது, எடை கட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கியதும் கணுக்கால் பகுதிக்குள் மழமழப்பான குச்சி ஒன்றைக் குறுக்கே நுழைத்துக் கொக்கியில் மாட்டி, கீழே இன்னொரு குச்சி நுழைத்து அதில் 1 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். துணி அகலவாட்டில் எத்தனை செ.மீ. விரிகிறது என்று அளந்து பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே எடை, அதே இடம். விரிவு கூடிக்கொண்டே போனால் எலாஸ்டேன் தளர்ந்துவிட்டது. ஒரு சாக்ஸ் தளர்ந்து மற்றொன்று தளராமல் இருப்பதும் உண்டு, ஆகவே இரண்டையும் தனித்தனியாக அளந்து, உள்விளிம்பில் நூலால் அடையாளம் போட்டு வையுங்கள்.